முதலில் பிரதி, பிறகுதான் பரிசோதனை

நம் வீடுகளில் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் மூன்றே வைத்தியங்கள்தாம் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பது. இரண்டு, தெரிந்த கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஃபார்மட் செய்துகொண்டு வருவது. மூன்று, அலுத்துப்போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவிடுவது. முதலாவதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. மூன்றாவது அவரவர் வசதியைப் பொறுத்தது. இரண்டாவதைப் பற்றித்தான் சங்க அன்பர்களிடம் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். கோளாறு ஹார்ட் டிஸ்க்கில் இருக்குமானால், இந்த வைத்தியம் பெட்டியைப் பிழைக்க வைத்தது போலக் காட்டிவிட்டு, அதற்குள் நாம் சேர்த்து வைத்திருந்ததை அழித்துவிட்டுப் போகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க்கின் மேல் சந்தேகம் எழுந்தால், முதல் வேலை பழுது பார்ப்பதும் அல்ல, பரிசோதிப்பதும் அல்ல. அதில் உள்ளதை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைப்பதே முதல் வேலை. பரிசோதனை அதற்குப் பிறகு. இவ்விரண்டையும் கடைக்காரரிடம் விடாமல் வீட்டில் உள்ளவர்களே செய்ய வேண்டும், செய்யவும் முடியும்.

கடைத்தெருவில் பிறந்த பெட்டி

ஊரை விட்டு வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் கம்ப்யூட்டர் நுழைந்தது ‘அசெம்பிள்டு’ பெட்டியாகத்தான். டில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவில் சாந்தினி சௌக் என்று ஊருக்கு ஊர் ஒரு கடைத்தெரு உண்டு. மதர்போர்டு ஒரு கடையில், கேபினெட் இன்னொரு கடையில், மானிட்டர் மூன்றாவது கடையில் என்று பேரம் பேசி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டி முடிப்போம். கம்பெனிப் பெட்டியைவிட மலிவு. வேண்டியதை வேண்டிய அளவில் போட்டுக்கொள்ளலாம். ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இன்றும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பலர் தாமே பாகங்களைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிக்கொள்கிறார்கள்.

இந்தச் சுதந்திரத்தோடு ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. நாமே கூட்டிய பெட்டிக்கு முழுப் பொறுப்பாளி என்று வெளியில் யாரும் இல்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிக்கும் வேலை நம்முடையது. ராம், எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு எது போனாலும் பணம் கொடுத்தால் அதே போல இன்னொன்று கிடைக்கும். ஹார்ட் டிஸ்க்கும் கிடைக்கும். அதில் இருந்தவை கிடைக்கமாட்டா. வாரண்டிக் காலத்தில் டிஸ்க் கெட்டால், பழையதை வாங்கிக்கொண்டு வேறொன்று தருவார்கள். பழையதில் இருந்த படங்களும் கடிதங்களும் வாரண்டியில் அடங்கா.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது கூடுதலாகவே பொருந்தும். ஊரில் இருப்பவர்களுக்குப் பாட்டியின் படம் வீட்டுச் சுவரிலேயே மாட்டியிருக்கும். நிலப் பத்திரம் பீரோவில் இருக்கும். நமக்கோ குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகப் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகள், பிள்ளைகள் சங்கப் பொங்கல் விழாவில் நாடகம் போட்ட வீடியோ, கேஸட்டிலிருந்து மாற்றிய பெரியவர்களின் குரல் எல்லாமே அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கும். பல வீடுகளில் வேறு எங்கும் இல்லை.

உள்ளே நடப்பது என்ன?

முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐ.பி.எம். நிறுவனம் 1956-ல் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் கொண்ட அந்தப் பெரிய பெட்டியில் 50 லட்சம் எழுத்துகள் அடங்கின. இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றிரண்டுக்குத்தான் அந்த இடம் போதும். அளவு எவ்வளவோ மாறிவிட்டாலும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. அதன் மேல் ஒரு தலை மிதந்துகொண்டே எழுதுகிறது, படிக்கிறது. மேஜைக் கம்ப்யூட்டர்களில் வழக்கமாக உள்ள டிஸ்க் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். 7,200 என்றால் ஒரு விநாடிக்கு 120 சுற்று. தலைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமயிரின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்தனை நுட்பமான சாதனம் ஆண்டுக்கணக்கில் ஓடுவதே பெரிய காரியம். ஒருநாள் அது நிற்கத்தான் போகிறது.

தட்டின் மேற்பரப்பு செக்டர் எனப்படும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டத்தைப் படிக்க முடியாமல் போனால், டிஸ்க் அதையே திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். கம்ப்யூட்டர் திடீரென்று உறைந்து நிற்பதும், ஒரு படத்தைத் திறக்க ஒரு நிமிஷம் ஆவதும் பல நேரங்களில் இதனால்தான். படிக்க முடியாத கட்டத்தை டிஸ்க் ‘நிலுவை’ என்று குறித்து வைக்கும். பின்னால் அந்தக் கட்டத்தில் புதிதாக எதையாவது எழுத வந்து, அப்போதும் அது சரிப்படாவிட்டால், அதை ஒதுக்கிவிட்டு, முன்பே மிச்சமாக வைத்திருக்கும் நல்ல கட்டம் ஒன்றை அதற்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும்.

ஃபார்மட் ஏன் குணப்படுத்துவது போலத் தோன்றுகிறது என்பது இங்கேதான் விளங்கும். ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடும்போது பழைய கட்டங்களின் மேல் புதிய எழுத்து விழுகிறது. கெட்ட கட்டங்களுக்கு மாற்றுக் கட்டங்கள் வந்து சேர்கின்றன. கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாகிவிடுகிறது. தட்டில் விழுந்த கீறலோ, தலையில் வந்த பலவீனமோ அப்படியேதான் இருக்கும். போனது, பழைய எழுத்து மட்டும்.

ஒரு குடும்பத்தில் நடந்தது

எனக்குத் தெரிந்த, மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் வீட்டில் நடந்தது இது. கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் நெடுநேரம் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்குக் கொண்டு போனார். “ஃபார்மட் மார் தேங்கே, சாப்” என்று வழக்கமான பதில் வந்தது. “படங்கள் இருக்கிறதே?” என்று கேட்டிருக்கிறார். “டி டிரைவ் அப்படியே இருக்கும், கவலைப்படாதீர்கள்” என்று சொன்னார்கள். சொன்னபடியே டி டிரைவைத் தொடவில்லை. ஆனால் அவருடைய படங்களும் கோப்புகளும் இருந்தது டெஸ்க்டாப்பிலும் மை டாக்குமென்ட்ஸிலும். அவை இரண்டும் சி டிரைவைச் சேர்ந்தவை என்பது அவருக்குத் தெரியாது. கடைப் பையனும் கேட்கவில்லை.

பெட்டி திரும்பி வந்து மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் டிக், டிக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது. இப்போது டி டிரைவும் போயிற்று. கிராமத்தில் இருந்த அவருடைய தாயார் பாடிய தாலாட்டுப் பாட்டுகளை முன்பு கேஸட்டில் பதிவு செய்து, பிறகு கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தார்கள். பூஞ்சை பிடித்த கேஸட்டைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. அந்தக் குரல் இப்போது எங்கும் இல்லை.

கடைப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மெதுவான கம்ப்யூட்டரை வேகமாக்கச் சொன்னார்கள், வேகமாக்கிக் கொடுத்தான். நம்மவர்களிடம் பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையைத்தான் குறை சொல்ல வேண்டும். சி-யிலிருந்து டி-க்கு மாற்றிவிட்டால் பத்திரம் என்று நினைக்கிறோம். பெரும்பாலான வீடுகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள். ஒரே வீட்டின் இரண்டு அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை இடிந்து விழுந்தால், பொருளை எந்த அறையில் வைத்திருந்தாலும் ஒன்றுதான்.

பிரதி எடுக்கும் முறை

சந்தேகம் வந்தவுடன் அந்தக் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். புது மென்பொருள் இறக்க வேண்டாம். விண்டோஸ் தொடங்கும்போது டிஸ்க்கைச் சோதிக்கப் போவதாகச் சொல்லிச் சில விநாடிகள் அவகாசம் கொடுத்தால், ஏதேனும் ஒரு விசையைத் தட்டி அதை நிறுத்திவிடுங்கள். செக்டிஸ்க் எனப்படும் அந்தச் சோதனை, டிஸ்க் நல்ல நிலையில் இருந்து கோப்பு அட்டவணையில் மட்டும் குழப்பம் இருந்தால் உதவும். டிஸ்க்கே நொடிந்துகொண்டிருக்கும்போது அதை நெடுநேரம் ஓட விட்டு, அட்டவணையைத் திருத்தி எழுதி, இருப்பதையும் குழப்பிவிடக்கூடும்.

பிறகு இரண்டு வழிகள் உண்டு. பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸைப் போட்டுக் கம்ப்யூட்டரைத் தொடங்கி, டிஸ்க்கைப் படிக்க மட்டும் செய்து, வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுக்கலாம். அல்லது டிஸ்க்கைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்பான் மூலம் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டலாம். மேஜைக் கம்ப்யூட்டரின் பெரிய டிஸ்க்குக்குத் தனி மின் அடாப்டர் உள்ள இணைப்பானாகப் பார்த்து வாங்க வேண்டும். மாட்டியவுடன் ‘இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டால் பதறாமல் ‘கேன்சல்’ அழுத்துங்கள். ‘சோதித்துச் சரிசெய்யவா?’ என்று கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

வரிசையும் முக்கியம். மறுபடி கிடைக்காதவை முதலில். எழுதிய கோப்புகள், ஸ்கேன் செய்த பத்திரங்கள், குரல் பதிவுகள், படங்கள், அதற்குப் பிறகு வீடியோக்கள். சினிமாப் பாட்டும் விண்டோஸும் எங்கும் கிடைக்கும். அவற்றுக்காக டிஸ்க்கின் கடைசி மூச்சைச் செலவிட வேண்டாம். ஒரு கோப்பில் சிக்கிக்கொண்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். நிலைமை மோசம் என்றால், லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் டிடி-ரெஸ்க்யூ என்ற மென்பொருள் இதையே முறைப்படி செய்யும். எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கடினமானவற்றுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே விட்டது என்று குறித்து வைத்திருப்பதால் நடுவில் நிறுத்திவிட்டுத் தொடரலாம். இதில் மூலம் எது, பிரதி எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் போய்விடும். ஆகையால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழர்களான நமக்கு மட்டும் உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டாலும், வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அது பரவப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை பாமினி போன்ற எழுத்துருக்களிலும், முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களிலும் தட்டச்சு செய்தோம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற முறைகளும் வந்தன. இவற்றில் எழுதிய கடிதத்தை அதற்கு உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் தெரியும். ஆகவே பழைய தமிழ்க் கோப்புகளை எடுக்கும்போது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் எந்த எழுத்துரு என்று தெரிந்தால்தான் அவற்றால் பயன்.

இனிப் பரிசோதனை

பிரதி கையில் வந்த பிறகு நிதானமாகப் பரிசோதிக்கலாம். டிஸ்க் மேல் பழி போடுவதற்கு முன் மற்ற மூவரையும் விசாரிக்க வேண்டும். முதலாவது கேபிள். சாட்டா கேபிள் தளர்ந்திருந்தாலோ பழுதாகியிருந்தாலோ டிஸ்க் கெட்டது போலவே எல்லாம் நடக்கும். சில நூறு ரூபாய்க்குள் முடியும் விஷயம். இரண்டாவது எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11.4-க்குக் குறையவோ 12.6-க்கு மேல் போகவோ கூடாது. மின்சாரம் ஏறி இறங்கும் பகுதிகளில் இருப்பவர்கள் இதை முதலில் பார்ப்பது நல்லது. மூன்றாவது ராம். ராம் கெட்டால் நல்ல டிஸ்க்கிலும் தவறான எழுத்து விழும். மெம்டெஸ்ட் என்ற இலவசச் சோதனையை ஓர் இரவு ஓட விட்டால் தெரிந்துவிடும்.

டிஸ்க் தன்னைத்தானே கவனித்துக் குறித்து வைக்கும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளும், லினக்ஸில் ஸ்மார்ட்-சிடிஎல் என்ற கட்டளையும் அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டும். இதைப் படிக்கப் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிப்பது போலத்தான். நான்கு வரிகளைப் பார்த்தால் போதும். வரிசை எண் 5, மாற்றுக் கட்டம் போடப்பட்ட எண்ணிக்கை. எண் 197, நிலுவையில் உள்ள கட்டங்கள். எண் 198, படிக்கவே முடியாமல் போனவை. இம்மூன்றும் 0 ஆக இருக்க வேண்டும். 0 அல்லாமல் இருந்தால் எச்சரிக்கை. வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும். எண் 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான்.

இரண்டு சிறு குறிப்புகள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மூல எண்களைப் பதினாறின் அடிப்படையில் காட்டும். அமைப்பில் பத்தின் அடிப்படைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சில டிஸ்க்குகளில் எண் 1, எண் 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரியும். அது எழுதி வைக்கும் முறையே தவிர நோய் அல்ல. எண் 9, டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லும். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். புதியது என்று வாங்கிய டிஸ்க்கில் இந்த எண் ஆயிரக்கணக்கில் இருந்தால், அது பழையது என்று கடையில் தைரியமாகக் கேட்கலாம்.

முழுப் பரப்பையும் படித்துப் பார்க்கும் நீண்ட சோதனை ஒன்றும் டிஸ்க்குக்குள்ளேயே உண்டு. பல மணி நேரம் ஓடும். பிரதி எடுப்பதற்கு முன் இதை ஓட விடுவது, மாரடைப்பு வந்தவரை மாடிப்படி ஏறச் சொல்லிப் பார்ப்பது போல.

பரிசோதனையில் எல்லாம் நன்று என்று வந்துவிட்டால் கவலையில்லையா? அப்படியும் இல்லை. 2007-ல் கூகுள் நிறுவனத்தார் தம்மிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழை இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களில் சாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில், கெட்டுப்போன டிஸ்க்குகளில் 36 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவை ஸ்மார்ட் பிழை எதையும் காட்டாமலேயே போயின என்றும் தெரிந்தது. கெட்ட செய்தி சொன்னால் டிஸ்க்கை நம்பலாம். நல்ல செய்தி சொன்னால் முழுதும் நம்ப முடியாது. பிரதி முதலில், பரிசோதனை பிறகு என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம்.

டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, உராயும் ஓசை கேட்டாலோ, டிஸ்க் அடையாளமே தெரியாமல் போனாலோ வீட்டு வைத்தியம் முடிந்தது. மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை போட்டுப் பார்ப்பதும் மிச்சத்தைத் தேய்க்கும். மூடியைத் திறக்காதீர்கள், ஒரு தூசி போதும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். தூசியற்ற அறை வைத்து மீட்கும் நிறுவனங்கள் பெருநகரங்களில் உண்டு. பல ஆயிரம் ரூபாய் ஆகும். கிடைக்கும் என்று உறுதியும் இல்லை. அதில் இருப்பதன் மதிப்பை எண்ணிக் குடும்பமாகத் தீர்மானிக்க வேண்டியது அது.

எதிர்ப்பாகச் சொல்லப்படுபவை

‘இப்போது எல்லாம் கைப்பேசியிலும் இணையச் சேமிப்பிலும் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கலாம். ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்படி இணைத்து வைத்திருப்பது பிரதி ஆகாது. கூகுள் ஃபோட்டோஸில் அளவில்லாத இலவச இடமும் 2021 ஜூன் 1-உடன் முடிந்து, அதற்குப் பின் ஏற்றும் படங்கள் 15 ஜிபி கணக்கில் சேர்ந்தன. தவிர, கைப்பேசி வருவதற்கு முந்தைய படங்களும் பதிவுகளும் அதில் ஏறவே இல்லை. பல வீடுகளில் அவை பழைய டிஸ்க்கில்தான் இன்னும் இருக்கின்றன.

‘நாங்கள் எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டோம்’ என்பார்கள். வேகத்துக்கு அது நல்லது. சுழலும் பாகம் இல்லாததால் சத்தமும் இல்லை. அதனாலேயே முன்னறிவிப்பும் குறைவு. ஒரு நாள் காலையில் திறக்கவே திறக்காமல் போவது அதன் வழக்கம். அழித்த கோப்புகளின் இடத்தை அது தானே துடைத்துவிடுவதால், தவறி அழித்ததை மீட்பதும் கடினம்.

‘பையன் வந்து பார்ப்பான்’ என்பது மூன்றாவது பதில். பையனோ பெண்ணோ வேறு ஊரில், வேறு நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் வரும்வரை பெட்டியை அணைத்து வைக்க நாம் தயாரா? தினமும் ஒரு முறை போட்டுப் பார்த்துக்கொண்டேதானே இருப்போம்? பாங்க் படிவம் நிரப்பத் தெரிந்த, ரயில் டிக்கெட் பதிவு செய்யத் தெரிந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் ஃபோல்டரை இழுத்து வேறு டிஸ்க்கில் போடுவது பெரிய வித்தையல்ல. அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் என்பது துறையில் உள்ளவர்கள் சொல்லும் விதி. வேறு ஊர் என்பதற்கு மற்றவர்கள் இடம் தேட வேண்டும். நமக்கு அது தானாகவே அமைந்திருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு சிறு டிஸ்க்கைக் கையோடு கொண்டு போய் அண்ணன் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ வைத்துவிட்டு, சென்ற ஆண்டு வைத்ததை எடுத்து வரலாம். பத்திரங்களின் நகல் இருந்தால் கடவுச்சொல் போட்டு வையுங்கள். ஊரில் இருப்பவர்களும் பழைய படங்களைப் பார்த்து மகிழ்வார்கள்.

எப்போது எடுப்பது என்பதற்கும் ஒரு யோசனை. மார்ச் 31-ஐ உலக பேக்கப் தினமாக 2011 முதல் கடைப்பிடிக்கிறார்கள். நமக்கு அதைவிட நினைவில் நிற்கும் நாள் ஒன்று உண்டு. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கையும் புத்தகங்களோடு பூஜையில் வைத்துவிட்டால், ஆண்டுக்கு ஒரு முறையாவது தவறாது. மற்ற சமயத்து அன்பர்கள் பொங்கலையோ புத்தாண்டையோ வைத்துக்கொள்ளலாம்.

சங்கத்தின் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் மூன்று. கண் பரிசோதனை முகாம் நடத்துவது போல, ஆண்டுக்கு ஒரு ஞாயிறு சங்கக் கட்டடத்தில் டிஸ்க் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். கம்ப்யூட்டர் துறையில் வேலை செய்யும் நம் இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. நான்கு பேர், இரண்டு இணைப்பான்கள், ஒரு மேஜை போதும். உறுப்பினர்கள் தம் டிஸ்க்கையும் ஒரு காலி டிஸ்க்கையும் கொண்டு வரட்டும். இரண்டாவதாக, அந்த இளைஞர்கள் தாமே செய்து கொடுத்துவிடாமல், கொண்டு வந்தவர் கையாலேயே செய்யச் சொல்லித் தர வேண்டும். மூன்றாவதாக, சங்க அலுவலகத்தின் கம்ப்யூட்டரையும் அன்றே பரிசோதிக்க வேண்டும். பழைய ஆண்டு மலர்கள், உறுப்பினர் பட்டியல், விழாப் படங்கள் எதில் இருக்கின்றன, எந்த எழுத்துருவில் இருக்கின்றன, வேறு எங்காவது பிரதி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் பொதுக்குழுவில் சொல்லப்பட வேண்டும்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. அதை ஒட்டிப் பல வீடுகளில் பழைய பெட்டிகள் கடைக்கும் பரணுக்கும் போயிருக்கின்றன, இன்னும் போகும். கொடுப்பதற்கு முன் அதிலிருக்கும் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு திருகாணிகள்தான். அதை என்ன செய்வது என்று முகாமில் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.